கடலூர், புதுச்சேரி கிராமத்துப் பிள்ளைகள் எம்.பி.பி.எஸ். சேர: மதிப்பெண்ணோடு கூடவே தயாராக வேண்டியவை

நீட்டில் நல்ல மதிப்பெண் எடுத்தும் இடம் கிடைக்காமல் போகும் கிராமத்துப் பிள்ளைகள் உண்டு. விசாரித்தால் பெரும்பாலும் ஒரு காகிதம்தான் காரணமாக இருக்கும். ஒன்பதாம் வகுப்பில் பள்ளி மாறியிருப்பார்கள், சாதிச் சான்றிதழ் ஒன்றை வாங்காமல் விட்டிருப்பார்கள், அல்லது விண்ணப்பத்தில் ஒரு கட்டத்தைத் தவறாக நிரப்பியிருப்பார்கள். பாடத்துக்கு ஆசிரியர் இருக்கிறார். காகித வேலைக்கு வழிகாட்ட வீட்டில் யாரும் இருப்பதில்லை. அதனால் இங்கே அதைப் பற்றித்தான் அதிகம் சொல்லப்போகிறோம்.

ஆறாம் வகுப்பிலேயே முடிவாகிவிடும் விஷயம்

தமிழ்நாட்டில் அரசுப் பள்ளி மாணவர்களுக்கு மருத்துவப் படிப்பில் 7.5 சதவீத உள் ஒதுக்கீடு 2020-ல் சட்டமானது. ஆறாம் வகுப்பு முதல் பன்னிரண்டாம் வகுப்பு வரை முழுக்க அரசுப் பள்ளியில் படித்திருப்பதுதான் அடிப்படைத் தகுதி. மாநகராட்சி, நகராட்சி, ஊராட்சி ஒன்றியப் பள்ளிகளும் ஆதிதிராவிடர் நலப் பள்ளிகளும் பழங்குடியினர் உண்டு உறைவிடப் பள்ளிகளும் இதில் அடங்கும். கட்டாயக் கல்வி உரிமைச் சட்டத்தின் கீழ் எட்டாம் வகுப்பு வரை தனியார் பள்ளியில் இலவசமாகப் படித்துவிட்டு, ஒன்பதிலிருந்து பன்னிரண்டு வரை அரசுப் பள்ளியில் படித்தவர்களுக்கும் உண்டு.

அரசு உதவிபெறும் பள்ளிக்கு இது கிடையாது. சத்துணவும் இலவசப் பாடநூலும் அங்கேயும் கிடைப்பதால், நம் பகுதியில் நிறையப் பெற்றோர் அதையும் அரசுப் பள்ளி என்றே நினைத்துக்கொண்டிருக்கிறார்கள். சந்தேகம் இருந்தால் தலைமையாசிரியரிடம் "இது அரசுப் பள்ளியா, உதவிபெறும் பள்ளியா" என்று நேராகக் கேட்டுவிடுங்கள்.

இன்னொரு இழப்பு பதினொன்றாம் வகுப்பில் நடக்கிறது. பத்தாம் வகுப்பில் 450-க்கு மேல் வாங்கிய பிள்ளையை "நீட் கோச்சிங்கோடு சேர்த்துச் சொல்லித் தருகிறோம்" என்று தனியார் பள்ளிகள் கூப்பிடும். கட்டணத்தில் சலுகைகூடத் தருவார்கள். பண்ருட்டியிலோ விருத்தாசலத்திலோ அரசுப் பள்ளியில் பத்து வரை படித்த பிள்ளை அங்கே போன அன்றே 7.5 சதவீதத் தகுதி போய்விடும். திரும்ப வந்தாலும் கிடைக்காது. எங்கள் கருத்தில், பயிற்சி வேண்டுமானால் பள்ளியை மாற்றாமல் வெளியே தேடுவதுதான் சரி. அரசே நடத்தும் இலவச நீட் பயிற்சி இருக்கிறது. அது போதாது என்றால் பன்னிரண்டு முடித்தபின் ஓராண்டு தனியாகத் தயாராகலாம். மறுமுறை நீட் எழுதுபவர்களுக்கும் இந்த ஒதுக்கீடு உண்டு.

இந்த 7.5 சதவீதத்துக்குள் சாதிவாரி இடஒதுக்கீடு தனியாகப் பின்பற்றப்படுகிறது. தனியார் கல்லூரிகளில் உள்ள அரசு ஒதுக்கீட்டு இடங்களும் கணக்கில் வரும். இந்த ஒதுக்கீட்டில் சேர்பவர்களின் கல்விக் கட்டணத்தையும் விடுதிக் கட்டணத்தையும் அரசே செலுத்துகிறது. ஆகவே தனியார் கல்லூரியில் இடம் வந்தால் பணத்துக்குப் பயந்து விட்டுவிடாதீர்கள்.

புதுச்சேரிப் பக்கம் கணக்கு வேறு

புதுச்சேரியில் அரசுப் பள்ளி மாணவர்களுக்கு 10 சதவீத உள் ஒதுக்கீடு 2023-ல் நடைமுறைக்கு வந்தது. இங்கே ஒன்றாம் வகுப்பு முதல் பன்னிரண்டு வரை அரசுப் பள்ளியில் படித்திருக்க வேண்டும். தமிழ்நாட்டைப் போல ஆறிலிருந்து அல்ல. ஐந்து வரை தெருமுனைத் தனியார் பள்ளியில் படிக்க வைத்துவிட்டு ஆறில் அரசுப் பள்ளிக்கு மாற்றுவது பாகூர், திருக்கனூர் பக்கங்களில் சாதாரணம். அந்தப் பிள்ளைக்கு இந்த ஒதுக்கீடு வராது.

புதுச்சேரியின் சேர்க்கையை நடத்துவது சென்டாக். கதிர்காமத்தில் உள்ள இந்திரா காந்தி அரசு மருத்துவக் கல்லூரி இடங்களும், தனியார் கல்லூரிகளின் அரசு ஒதுக்கீட்டு இடங்களும் அதன் வழியாகத்தான் நிரப்பப்படுகின்றன. காரைக்கால், மாஹே, ஏனாம் பகுதிகளுக்குத் தனிப் பங்கு உண்டு.

ஜிப்மர் இதில் சேராது. கோரிமேட்டில் இருந்தாலும் அது மத்திய அரசு நிறுவனம். 2020 முதல் அதற்குத் தனி நுழைவுத் தேர்வு இல்லை. எம்.சி.சி. எனப்படும் அகில இந்தியக் கலந்தாய்வுக் குழுதான் எல்லா எம்.பி.பி.எஸ். இடங்களையும் நிரப்புகிறது. புதுச்சேரி மாநிலத்தவருக்கென ஜிப்மரில் உள் ஒதுக்கீடு இருக்கிறது, அதற்கும் எம்.சி.சி. தளத்தில்தான் பதிய வேண்டும். பதியும்போது புதுச்சேரி உள் ஒதுக்கீடு கேட்கும் இடத்தில் 'ஆம்' என்று குறிக்காமல் விட்டால், சென்டாக்கில் எத்தனை சான்று கொடுத்திருந்தாலும் பயனில்லை. ஜிப்மரின் பொது இடங்களுக்கு நாட்டின் எந்த மூலையிலிருந்தும் போட்டியிடலாம், கடலூர்க்காரர்களும்தான்.

எல்லை ஊர்க்காரர்கள் கவனிக்க

ரெட்டிச்சாவடி பக்கத்தில் வீடு, கன்னியக்கோயில் பக்கத்தில் பள்ளி என்று இருக்கும் குடும்பங்கள் ஏராளம். அப்பாவின் ரேஷன் அட்டை கடலூரில், அம்மா வீடு பாகூரில். இந்தக் குடும்பங்களுக்குத்தான் சிக்கல் அதிகம்.

தமிழ்நாட்டின் 7.5 சதவீதம் தமிழ்நாட்டு அரசுப் பள்ளிகளுக்கு மட்டும். புதுச்சேரி அரசுப் பள்ளியில் படித்த ஆண்டுகள் அதில் சேராது. புதுச்சேரி 10 சதவீதத்துக்குக் கடலூர் மாவட்டப் பள்ளியில் படித்த ஆண்டுகளும் அதேபோலச் சேராது. ஆறிலிருந்து பன்னிரண்டுக்குள் ஒரு வகுப்பையாவது எல்லை தாண்டிப் படித்திருந்தால், தமிழ்நாட்டின் பொது ஒதுக்கீட்டுக்கே பிறப்பிடச் சான்றும் பெற்றோரின் ஆவணங்களும் காட்ட வேண்டிவரும். சென்டாக்குக்குப் புதுச்சேரிக் குடியிருப்புச் சான்று கட்டாயம், தொடர்ந்து ஐந்தாண்டு வசித்திருக்க வேண்டும்.

இரண்டு பக்கமும் சொந்த ஊர் என்று உரிமை கோரி இரண்டு இடத்திலும் மாநில ஒதுக்கீட்டுக்கு விண்ணப்பிக்காதீர்கள். கண்டுபிடித்தால் இரண்டும் ரத்தாகும், சேர்ந்தபிறகு கண்டுபிடித்தாலும் இடம் போகும். பதினொன்றாம் வகுப்பிலேயே குடும்பமாக உட்கார்ந்து எந்த மாநிலம் என்று முடிவுசெய்து, ரேஷன் அட்டை, ஆதார் முகவரி, வாக்காளர் அட்டை எல்லாவற்றையும் உண்மை நிலைக்கு ஏற்ப ஒரே பக்கமாகச் சரிசெய்துகொள்ளுங்கள். சாதிப் பட்டியலும் இரு மாநிலங்களுக்கும் தனித்தனி. கடலூரில் வாங்கிய எம்.பி.சி. சான்று சென்டாக்கில் செல்லாது.

சான்றிதழ்கள்: பதினொன்றாம் வகுப்பு கோடை விடுமுறையில் முடிக்க வேண்டியவை

தமிழ்நாட்டில் வருவாய்த்துறைச் சான்றுகள் எல்லாம் இ-சேவை மையம் வழியாக வாங்கலாம். ஒரு சான்றுக்கு 60 ரூபாய். விண்ணப்பம் கிராம நிர்வாக அலுவலர், வருவாய் ஆய்வாளர், வட்டாட்சியர் என்று மேலே போகும். ஒரு படியில் நின்றுவிட்டால் யாரும் உங்களைக் கூப்பிட்டுச் சொல்லமாட்டார்கள். ஒப்புகைச் சீட்டில் உள்ள எண்ணை வைத்து வாரம் ஒருமுறை நிலையைப் பாருங்கள். 'கூடுதல் ஆவணம் தேவை' என்று திருப்பி அனுப்பியிருந்தால் அன்றே பதிவேற்றுங்கள்.

மாநிலக் கலந்தாய்வுக்குச் சாதிச் சான்று வேண்டும். கையால் எழுதிய பழைய அட்டை வைத்திருப்பவர்கள் இணையவழிச் சான்றாக மாற்றிக்கொள்வது நல்லது. பிறப்பிடச் சான்று, வருமானச் சான்று, வீட்டில் யாரும் பட்டம் பெறவில்லை என்றால் முதல் பட்டதாரிச் சான்று ஆகியவற்றையும் சேர்த்தே விண்ணப்பித்துவிடுங்கள். வருமானச் சான்று மட்டும் ஓராண்டில் காலாவதியாகும், ஆகவே அதைக் கடைசியில் வாங்கினால் போதும்.

அதிகம் பேர் கோட்டைவிடுவது மத்திய ஓ.பி.சி. சான்றை. தமிழ்நாட்டின் பி.சி., எம்.பி.சி. சான்று அகில இந்திய ஒதுக்கீட்டில், அதாவது அரசுக் கல்லூரிகளில் எம்.சி.சி. நிரப்பும் 15 சதவீத இடங்களில், ஏற்கப்படாது. மத்திய அரசுப் படிவத்தில், கிரீமிலேயர் (வசதி படைத்த பிரிவு) அல்லாதவர் என்று வட்டாட்சியர் தரும் ஓ.பி.சி. சான்று தனியாக வேண்டும். அந்த நிதியாண்டில், அதாவது ஏப்ரல் 1-க்குப் பிறகு வாங்கியதாக இருந்தால் பிரச்சினை வராது. வருமான வரம்பு 8 லட்சம். அதில் பெற்றோரின் சம்பளமும் விவசாய வருமானமும் சேராது. "நிலம் இருக்கிறது, கிடைக்காது" என்று முகப்பிலேயே திருப்பி அனுப்பினால் இந்த விதியைச் சொல்லி விண்ணப்பியுங்கள். அதற்குமுன் உங்கள் சாதி மத்திய அரசின் ஓ.பி.சி. பட்டியலிலும் இருக்கிறதா என்று பார்த்துக்கொள்ளுங்கள். மாநிலப் பட்டியலில் இருந்து மத்தியப் பட்டியலில் இல்லாத சாதிகள் உண்டு.

இருளர் குடும்பங்கள் மற்றவர்களைவிட ஓராண்டு முன்னதாகத் தொடங்க வேண்டும். பழங்குடியினர் சான்றை வட்டாட்சியர் தரமுடியாது. கோட்டாட்சியர் அல்லது சார் ஆட்சியர்தான் தருவார். கடலூர் மாவட்டத்தில் கடலூர், சிதம்பரம், விருத்தாசலம் ஆகிய மூன்று கோட்டங்கள் உள்ளன. நேரில் விசாரணை நடக்கும், உறவினர் யாராவது ஏற்கெனவே வாங்கிய சான்றின் நகல் இருந்தால் வேலை வேகமாக நடக்கும். புதுச்சேரியில் இருளர்கள் 2016-ல்தான் பழங்குடியினர் பட்டியலில் சேர்க்கப்பட்டார்கள், அதனால் அங்கே பெற்றோரிடம் பழைய சான்று இல்லாமல் இருப்பது இயல்பு.

அடுத்தது பள்ளிச் சான்று. கிராமத்துப் பிள்ளை பொதுவாக மூன்று பள்ளியில் படித்திருக்கும்: எட்டு வரை ஊராட்சி ஒன்றிய நடுநிலைப் பள்ளி, பத்து வரை பக்கத்து ஊர் அரசு உயர்நிலைப் பள்ளி, பிறகு டவுனில் மேல்நிலைப் பள்ளி. 7.5 சதவீதத்துக்கு ஆறிலிருந்து பன்னிரண்டு வரை ஒவ்வொரு வகுப்பையும் எந்தப் பள்ளியில், எந்த ஆண்டில் படித்தீர்கள் என்பதற்குத் தலைமையாசிரியர் கையெழுத்திட்ட சான்று வேண்டும். இதற்கான படிவம் அந்தந்த ஆண்டு மருத்துவச் சேர்க்கைத் தகவல் குறிப்பேட்டில் இருக்கும். கல்வி அலுவலரின் மேலொப்பம் கேட்டிருந்தால் அதையும் வாங்க வேண்டும். பள்ளிக் கல்வித் துறையின் இணையவழி மாணவர் பதிவேடான எமிஸில் பள்ளி மாறிய ஆண்டு தவறாக ஏறியிருப்பது அடிக்கடி நடக்கும். பன்னிரண்டாம் வகுப்பு அரையாண்டுத் தேர்வுக்கு முன் அதைத் திருத்தச் சொல்லுங்கள். மே மாதம் பள்ளிக்குப் போனால் பூட்டியிருக்கும், தலைமையாசிரியர் மாறுதலில் போயிருப்பார். 2025-ல் நீட் முடிவு வருவதற்கு முன்பே மாநில விண்ணப்பப் பதிவு தொடங்கிவிட்டது. முடிவு வரட்டும் என்று காத்திருந்தவர்கள்தான் கடைசி வாரத்தில் ஓடினார்கள்.

பெயரும் இனிஷியலும்

ஆதாரில் 'கவிதா முருகன்', பத்தாம் வகுப்புச் சான்றில் 'மு. கவிதா', சாதிச் சான்றில் 'கவிதா'. வீட்டில் எல்லாருக்கும் ஒரே ஆள்தான். கணினிக்கும் சரிபார்க்கும் அலுவலருக்கும் மூன்று ஆள். பத்தாம் வகுப்பு மதிப்பெண் சான்றில் உள்ளதையே மூலமாக வைத்துக்கொண்டு, எழுத்துக்கூட்டல், இனிஷியல், பிறந்த தேதி மூன்றையும் ஆதாரில் அதற்கேற்பத் திருத்திவிடுங்கள். பத்தாம் வகுப்புப் பெயர்ப்பட்டியல் பள்ளியில் தயாராகும்போதே பெற்றோர் போய் ஒருமுறை வாசித்துப் பார்ப்பது மிக நல்லது. அதில் விழுந்த பிழையைப் பிறகு திருத்த மாதக்கணக்கில் ஆகும்.

நீட் விண்ணப்பம்

வழக்கமாகப் பிப்ரவரி, மார்ச்சில் பதிவு நடக்கும், தேர்வு மே மாதம் ஞாயிற்றுக்கிழமையில். சேரும் ஆண்டின் டிசம்பர் 31-க்குள் 17 வயது நிரம்பியிருக்க வேண்டும். 2025-ல் கட்டணம் பொதுப் பிரிவுக்கு 1,700, ஓ.பி.சி.க்கு 1,600, எஸ்.சி., எஸ்.டி.க்கு 1,000 ரூபாய்.

பிரவுசிங் சென்டரில் விண்ணப்பிப்பதில் தவறில்லை. ஆனால் கைபேசி எண்ணும் மின்னஞ்சலும் உங்களுடையதாக இருக்க வேண்டும். கடைக்காரர் அவசரத்தில் தன் எண்ணைப் போட்டுவிடுவார். ஜூலையில் ஓ.டி.பி. அவருக்குப் போகும், அன்று கடை விடுமுறையாக இருக்கும். ரீசார்ஜ் செய்யாமல் விட்டு எண் கைமாறிப்போவதும் நடக்கிறது. குறைந்தது அடுத்த அக்டோபர் வரை அந்த எண்ணை உயிரோடு வைத்திருங்கள். விண்ணப்ப எண், கடவுச்சொல் இரண்டையும் ஒரு நோட்டில் எழுதி, சான்றிதழ்க் கோப்பிலேயே வையுங்கள்.

விண்ணப்பத்தில் எம்.பி.சி. என்று ஒரு பிரிவு இருக்காது. பி.சி.யோ எம்.பி.சி.யோ, மத்தியச் சான்று இருந்தால் ஓ.பி.சி. கிரீமிலேயர் அல்லாதவர் என்று குறிக்க வேண்டும். தெரியாமல் 'பொது' என்று போட்டவர்கள் திருத்த அவகாசத்தில் மாற்றிக்கொள்ளலாம், அந்தச் சில நாள்களைத் தவறவிட்டால் அகில இந்திய ஒதுக்கீட்டில் ஓ.பி.சி. உரிமை போய்விடும். மாநிலக் கலந்தாய்வு மாநிலச் சாதிச் சான்றைத்தான் பார்க்கும்.

தமிழ்வழிப் பிள்ளைகள் வினாத்தாள் மொழியைத் தமிழ் என்று தேர்ந்தெடுப்பதே நல்லது என்பது எங்கள் உறுதியான எண்ணம். வினாத்தாளில் தமிழோடு ஆங்கிலமும் சேர்ந்தே இருக்கும், ஆகவே எதையும் இழப்பதில்லை. மொழிபெயர்ப்பில் முரண் வந்தால் ஆங்கிலமே இறுதி. சில கலைச்சொற்கள் நம் பாடநூலில் ஒருவிதமாகவும் வினாத்தாளில் வேறுவிதமாகவும் வரும், அதனால் ஒவ்வொரு பாடத்திலும் ஆங்கிலச் சொல்லையும் கூடவே படித்து வையுங்கள். பிறகு மொழியை மாற்ற முடியாது என்பதையும் நினைவில் கொள்ளுங்கள்.

180 வினா, 180 நிமிடம், 720 மதிப்பெண். இயற்பியல் 45, வேதியியல் 45, உயிரியல் 90. சரிக்கு 4, தவறுக்கு 1 கழியும். 2025 முதல் விருப்ப வினாக்கள் இல்லை, பழைய வினாத்தாளை வைத்துப் பழகுபவர்கள் இதைக் கவனிக்க வேண்டும். அரைமணி நேரம் முன்பே, மதியம் 1.30-க்கு வாயிலை மூடிவிடுவார்கள். காட்டுமன்னார்கோயில், வேப்பூர் பக்கத்துப் பிள்ளைகள் முதல்நாளே மையம் இருக்கும் ஊரில் தங்கிவிடுவது நல்லது. ஞாயிற்றுக்கிழமைப் பேருந்தை நம்பாதீர்கள்.

முடிவு வந்தபின்

மதிப்பெண்ணைப் போன ஆண்டு மதிப்பெண்ணோடு ஒப்பிடாதீர்கள். 2024-ல் மதிப்பெண்கள் வீங்கின, 2025-ல் இயற்பியல் கடினமாகி எல்லாம் இறங்கின. 2025-ல் பொதுப் பிரிவுக்குத் தகுதி மதிப்பெண் 144, ஓ.பி.சி., எஸ்.சி., எஸ்.டி.க்கு 113. தகுதி பெறுவது வேறு, இடம் கிடைப்பது வேறு. உங்கள் மாநிலத் தரவரிசையையும், உங்கள் சாதிப் பிரிவில் 7.5 சதவீதத் தரவரிசையையும் எடுத்து, முந்தைய ஆண்டு அதே பட்டியலில் கடைசியாக இடம் கிடைத்த தரவரிசையோடு ஒப்பிட்டால்தான் ஓரளவு உண்மை தெரியும்.

இரண்டு விண்ணப்பம் தனித்தனியாகப் போட வேண்டும். ஒன்று சென்னைக் கீழ்ப்பாக்கத்தில் உள்ள மருத்துவக் கல்வி இயக்ககத் தேர்வுக் குழுவுக்கு, புதுச்சேரிக்காரர்கள் என்றால் சென்டாக்குக்கு. இன்னொன்று எம்.சி.சி.க்கு. அரசுக் கல்லூரிகளின் 15 சதவீத இடங்கள் எம்.சி.சி.யில் நிரம்புகின்றன. அங்கே பதிவுக் கட்டணம் பொதுப் பிரிவுக்கு 1,000, வைப்புத்தொகை 10,000 ரூபாய், ஓ.பி.சி., எஸ்.சி., எஸ்.டி.க்கு 500-ம் 5,000-ம். வைப்புத்தொகை எந்தக் கணக்கிலிருந்து கட்டினீர்களோ அதே கணக்குக்குத்தான் திரும்பி வரும். கடைக்காரர் கணக்கிலிருந்து கட்டினால் பணம் அவருக்குப் போகும். நிகர்நிலைப் பல்கலைக்கழகங்களையும் சேர்த்துப் பதிந்தால் வைப்புத்தொகை 2 லட்சம். வசதி இல்லாதவர்கள் அந்தப் பெட்டியைத் தொடவேண்டாம்.

எம்.சி.சி. முதல் சுற்றில் கிடைத்த இடத்தை வேண்டாம் என்று விட்டால் இழப்பில்லை. இரண்டாம் சுற்றில் விட்டால் வைப்புத்தொகை போகும். மூன்றாம் சுற்றில் சேர்ந்துவிட்டால் வெளியே வரமுடியாது, மாநிலக் கலந்தாய்விலும் நுழைய முடியாது. ஆகவே மூன்றாம் சுற்றில், போக மனமில்லாத தூரத்துக் கல்லூரியை விருப்பப் பட்டியலில் போடாதீர்கள்.

மாநிலத்தின் 7.5 சதவீதக் கலந்தாய்வைச் சென்னையில் நேரில் நடத்துவது வழக்கம். அழைப்புத் தேதிக்கு முதல்நாளே போய்விடுங்கள். எல்லா மூலச் சான்றுகளும், இரண்டு தொகுப்பு நகலும் வேண்டும். இடைப்பட்ட காலத்தில் பாதுகாப்புக்காகக் கலைக் கல்லூரியிலோ நர்சிங்கிலோ சேர்ந்து மாற்றுச் சான்றிதழை அங்கே கொடுத்திருந்தால், அந்தக் கல்லூரியிலிருந்து எழுத்துமூலம் உறுதிக் கடிதம் வாங்கிச் செல்ல வேண்டும்.

கல்லூரி தேர்வில், வீட்டுக்கு அருகில் என்று பார்த்தால் சிதம்பரம் அண்ணாமலைநகரில் உள்ள அரசு கடலூர் மருத்துவக் கல்லூரி முதலில் வரும். பழைய ராஜா முத்தையா கல்லூரிதான் அது. 2021-ல் மக்கள் நல்வாழ்வுத் துறைக்கு மாறியபின் அரசுக் கல்லூரிக் கட்டணமே. "அங்கே லட்சக்கணக்கில் கட்ட வேண்டும்" என்ற பழைய பேச்சை நம்பி ஒதுக்காதீர்கள். விழுப்புரம் முண்டியம்பாக்கமும், 2022-ல் தொடங்கிய கள்ளக்குறிச்சியும் அடுத்து. கிடைக்குமா என்று யோசித்துப் பட்டியலைச் சுருக்க வேண்டாம். விரும்பும் வரிசையில் எல்லாவற்றையும் போடுங்கள்.

சேர்ந்தபின் கல்லூரி அலுவலகத்தில் மாணவிகள் புதுமைப்பெண், மாணவர்கள் தமிழ்ப் புதல்வன் திட்டத்துக்கு விண்ணப்பித்தால் மாதம் 1,000 ரூபாய் வங்கிக் கணக்குக்கு வரும். கணக்கு ஆதாருடன் இணைந்திருக்க வேண்டும்.

எம்.பி.பி.எஸ். வராது போலத் தெரிந்தால் மற்ற விண்ணப்பங்களின் கடைசித் தேதியைக் கோட்டைவிடாதீர்கள். பல் மருத்துவம் இதே விண்ணப்பத்தில் அடங்கும், அதிலும் 7.5 சதவீதம் உண்டு. சித்தா, ஆயுர்வேதம், ஹோமியோபதிக்கும் உண்டு, ஆனால் இந்திய மருத்துவத் துறைக்குத் தனியாக விண்ணப்பிக்க வேண்டும். கால்நடை மருத்துவத்துக்கும், மாநில பி.எஸ்சி. நர்சிங்குக்கும் தமிழ்நாட்டில் நீட் தேவையில்லை, பன்னிரண்டாம் வகுப்பு மதிப்பெண்தான். ஜிப்மரின் பி.எஸ்சி. நர்சிங்கும் துணை மருத்துவப் படிப்புகளும் நீட் மதிப்பெண் அடிப்படையில் நிரம்புகின்றன. அதற்கு எம்.சி.சி. பதிவு போதாது. ஜிப்மர் இணையதளத்தில் நீட் முடிவுக்குப் பிறகு வரும் அறிவிப்பைப் பார்த்துத் தனியாக விண்ணப்பிக்க வேண்டும். எம்.பி.பி.எஸ். இழுபறியில் இருக்கும்போதே அந்தத் தேதியும் கடந்துவிடும், காலண்டரில் குறித்து வையுங்கள்.